எண்ணெய் தின்னும் பெட்டி

எங்கள் சமையலறைக் கழிவுநீர்க் குழாயில் பொருத்தியிருந்த பாக்டீரியாப் பெட்டியைத் திறந்து பார்த்ததும், நகராட்சியிலிருந்து வந்த மேகலா உதட்டைப் பிதுக்கினாள்.

"எண்ணெயைத் தின்னு, இந்தக் கழிவுத்தண்ணி போய்ச் சேர்ற ஆத்தைச் சுத்தமா வெக்கற ஜீவனுங்க அக்கா. உங்க வீட்டுல பட்டினி கெடக்குதுங்க. செத்துப் போச்சுன்னா தண்ணிய நிறுத்தீருவாங்க."

என் கணவருக்கு இதயத்தில் அடைப்பு. ஆறு மாதமாக வீட்டில் எல்லாமே ஆவியில் வெந்ததுதான்.

"எண்ணெயை அப்படியே ஊத்தீரட்டுமா?"

"பச்சை எண்ணெய் இதுகளுக்கு ஆகாதுங்க. வாரம் ரெண்டு நாள் ஏதாச்சும் பொரிச்சு, சட்டியைக் கழுவி விடுங்க, போதும்."

அன்று நான்கு பூரி சுட்டேன். அவர் சாப்பிடக் கூடாது. தூக்கி எறியவும் மனமில்லை. நானே உட்கார்ந்து நான்கையும் தின்றேன். முப்பது வருடத்தில் எனக்காக மட்டும் நான் எதையும் சமைத்ததில்லை என்பது மூன்றாவது பூரியில்தான் உறைத்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன்; பசிதான் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடு புள்ள," என்றார் அவர், சமையலறை வாசலில் நின்று.

"உங்களுக்கு இட்லி இருக்குதுங்க. இது ஆத்துக்காகத் திங்கறது."

மாதம் முடிவதற்குள் உளுந்து வடை, அதிரசம் வரை போயிருந்தேன். மறுபடி வந்த மேகலா பெட்டியைத் திறந்து முகம் மலர்ந்தாள்.

"நல்லாக் கொழுத்திருச்சுங்க அக்கா! இனி மூணு மாசத்துக்குப் பொரிக்கவே வேண்டாம்."

பின்னால் அவர் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. நான் மேகலாவின் பைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இன்னொரு பெட்டி இருக்குதா கண்ணு? இதுக்குத் துணைக்கு."