மாடு பழகிய குடும்பம்

மாட்டுப்பண்ணை வைக்க அனுமதி கேட்டு நின்ற செம்மலரிடம் அலுவலகத்தின் அனுமதி இயந்திரம் கேட்டது: "குடும்பத்தில் மாடு பழகியவர் யாராவது உண்டா?"

"இல்லீங்க. நான்தான் முதல். கால்நடைப் படிப்பு முடிச்சிருக்கேன்."

"படிப்பு கணக்கில் வராது."

கணவன் மாசிலாமணி அவள் தோளை இடித்தான். "உங்க தாத்தாவச் சொல்லு புள்ள. ஊர்ல அவரு கை படாத மாடு உண்டா?"

சொன்னாள். இயந்திரம் கொஞ்ச நேரம் தேடியது.

"உண்மைதான். ஆனால் அவர் கை பட்டதெல்லாம் செத்த மாடுகள். அனுமதி இல்லை."

"செத்தா மட்டும் அது மாடு இல்லையாங்க?"

இயந்திரம் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டது.

மறுநாள் காலை செம்மலரின் போன் அடித்தது. அதே குரல், இப்போது மிகப் பணிவாகப் பேசியது:

"மேலத்தெருவில் ஒரு பசு இறந்துவிட்டது. தூக்கிப்போக வாருங்கள். உங்கள் குடும்பத்துக்குப் பழக்கம்தானே."