தூளிப் பதம்

கிளியனூர் மகளிர் குழுக் கட்டடத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற சத்தம் நின்றுபோயிருக்கிறது. தலைவி ஜெசிந்தா தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருக்கும் செல்போனில் வட்டம் சுற்றுகிறது. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டுக் கிராமப் பள்ளியில் வேலை பார்க்கும் இந்த ஊர் சிஸ்டர் ஆரோக்கியசெல்வி வீடியோவில் கூப்பிடுகிறார். டீச்சர் என்றால் புடவைதானே என்று, அந்தப் பள்ளி டீச்சர்களுக்குக் குழுவே புடவை அனுப்பியிருந்தது. “யாரோ பழசை உள்ள சொருகிட்டீங்களாமே. யாருதுன்னு இப்பப் பாத்துடலாம்” என்கிறாள் ஜெசிந்தா. புதுசு வாங்க முடியாமல் கட்டின பச்சைப் புடவையைத் துவைத்துக் கொடுத்த கொளஞ்சி, கையிலிருக்கும் மல்லாட்டையை உடைக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறாள். ஜன்னல் வெயிலில் தோல் தூசி மிதக்கிறது. படம் வருகிறது. மேஜைமேல் புதுப் புடவைகள் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. “இங்க யாரும் புடவை கட்டிக்கினு வர்றதில்லக்கா” என்று சிஸ்டரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. “ஒண்ணுதான் எடுத்தாங்க. அதுதான் மெத்துனு இருக்குதாம்.” போன் திரும்புகிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் டீச்சரின் முதுகில், தூளியாய்க் கட்டிய வெளுத்த பச்சை நூல்புடவைக்குள் ஒரு குழந்தை தூங்குகிறது. “யாருதுடி அது?” ஜெசிந்தா திரும்பிப் பார்க்கிறாள். கொளஞ்சியின் கை, அவளுக்கே தெரியாமல், அவள் தொடையை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது.