முதல் தடவையே பாஸ்

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! கார்ல மேல்கூரையே இல்ல!"

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பார்வதம் போட்ட சத்தத்தில் அந்தக் கேளம்பாக்கம் குடியிருப்பின் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன. கீழே, வேப்பமரத்தை ஒட்டி, செக்கச்செவேலென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பெண் பார்க்க வந்த பிரவின்குமார் கதவைத் திறக்காமலே தாண்டிக் குதித்தான். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய அவன் நண்பன் ஆனந்தன், ஷூ பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தான்.

"மழை வந்தா என்ன பண்ணுவாங்க?" என்றார் ரவிச்சந்திரன். கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தில் வேலை. எதையும் ரெண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"ஆமா, இப்படி நொட்டை சொல்லிச் சொல்லியே வந்த வரனையெல்லாம் விரட்டிட்டீங்க. இன்னிக்குத் தட்டு மாத்தியே ஆகணும், சொல்லிட்டேன்."

ரவிச்சந்திரன் மகளைப் பார்த்தார். காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த ரோகிணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் புரியலப்பா. நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

பாரம் முழுக்க இப்போது அவர் தலையில்.

காரில் இரண்டே சீட். அதனால் பையனின் அம்மா ரேணுகா பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். மாடியேறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நாவலூர்ல சொந்தமா கம்பெனி வெச்சிருக்கான் எம்புள்ள. அந்தக் காரு ஒண்ணுதான் அவனுக்கு ஆச. மாமல்லபுரம் ரோட்டுல போனா வெள்ளக்காரனே நிறுத்தி போட்டோ எடுக்கறான்னா பாத்துக்கங்க. இன்னிக்கே ஒரு முடிவச் சொல்லிடுங்க. நாளைக்கு செங்கல்பட்டுல இன்னோர் எடத்துல வரச் சொல்லிகினு கீறாங்க."

பிரவின்குமார் கார் சாவியை விரலில் சுற்றியபடி கூரையைப் பார்த்தான்.

காபி கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டிய ரோகிணி போகவில்லை. "நான் ஒண்ணு கேக்கலாமா?"

பார்வதம் கண்ணாலேயே மிரட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

"இந்த மாதிரி காரெல்லாம் பாக்கத்தான் அழகு, பாதி நாள் ஷெட்லதான் நிக்கும்னு எங்க ஆபீஸ்ல சொல்வாங்க. நெஜமா?"

பிரவின்குமார் சிரித்தான். "கரெக்டா சொன்னீங்க. இதுவும் டப்பா ஆயிடுச்சு. பிரேக் சரியா புடிக்கல, என்ஜின் இருமுது. தள்ளிவிட்டுட்டு வேற ஒண்ணு எடுக்கப் போறேன். நம்ம கல்யாணத்துக்குள்ள புதுசு வந்துடும்."

அதுவரை பஜ்ஜியும் தானுமாக இருந்த ஆனந்தன், கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான்.

"இன்னா மச்சான் சொன்ன? பிரேக்கு புடிக்கலியா?"

"டேய், சும்மா இரு."

"இன்னாத்துக்கு சும்மா கீறது? சார், நீங்களே கேளுங்க. வண்டி ரோட்டுல ஓட லாயக்கான்னு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டறோம். ஆர்.டி.ஓ. ஆபீசு கிரவுண்டுல லாரி, வேனு, ஷேர் ஆட்டோன்னு லைன் கட்டி நிக்கும். ஒருத்தனுக்கு லைட்டு எரியாது, ஒருத்தனுக்கு ஹாரன் அடிக்காது. சரி பண்ணிகினு வான்னு தொரத்திவுடுவாரு ஆபீசரு. நம்ம வண்டி மட்டும் மொத தபாவே பாஸு! பிரேக்க அமுக்குனா கோடு போட்டா மாதிரி நிக்கும். ஒரு வருஷம்கூட திருப்பி அனுப்பினதில்ல. டப்பாவாம், டப்பா!"

பிரவின்குமார் மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். "எனக்கு எங்கங்க நேரம்? என் வண்டிய இவன்தான் கொண்டுபோய்க் காட்டிட்டு வருவான். அதான் இவ்ளோ பாசம்."

ரேணுகா கப்பென்று பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா சம்பந்தி? ஒரு வண்டியவே வருஷம் தவறாம பாஸ் பண்ண வெக்கறான். பொண்டாட்டிய எப்படி வெச்சுப்பான்!"

ரவிச்சந்திரன் நாற்காலியை ஆனந்தன் பக்கம் நகர்த்திப் போட்டார். "வருஷா வருஷமா காட்டறீங்க, தம்பி?"

"தவறாம சார்! பேப்பரு வண்டிலதான் கீது. எடுத்தாரவா?"

"வேணாம் வேணாம். உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது. நம்பறேன்."

காலையிலிருந்து உம்மென்று இருந்த மனிதர் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு. அதைப் பார்த்ததும் பார்வதம் தாமதிக்கவில்லை. உள்ளே ஓடி வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றாள். ரோகிணியின் விரல்கள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தன.

"அப்ப சம்மதந்தானே சம்பந்தி? தட்டு மாத்திக்கலாமா?" என்று ரேணுகா எழுந்தேவிட்டாள்.

"எனக்கு வண்டி ரொம்பப் புடிச்சிருக்கும்மா," என்ற ரவிச்சந்திரன், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு ஆனந்தனிடம் திரும்பினார்.

"உங்க போன் நம்பர் சொல்லுங்க தம்பி. சொந்தக் காரா இருந்தா பதினஞ்சு வருஷத்துக்கு எஃப்.சி.யே கெடையாது, வாடகை வண்டிக்குத்தான் வருஷா வருஷம். எங்க ரோகிணி கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க கார்தான்... மாப்பிள்ளை கெடச்சதும் போன் பண்றேன்."