வெள்ளைத் தாள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டுச் செய்கிற பழக்கமே கிடையாது. பேரைக் கேட்டது, ஊரைக் கேட்டது, அடுத்த நிமிஷம் பொம்மையனின் இடது கையைப் பிடித்து மைப்பெட்டியில் அமுக்கி, ஒரு எழுத்துகூட இல்லாத வெள்ளைத் தாளில் பெருவிரலை உருட்டிவிட்டது அந்தப் பெண்.

பேர் ரீனா. மதுரையில் சட்டம் படிப்பவள். தொழிலாளர் வழக்கு எப்படி நடக்கிறதென்று பழகிக்கொள்ள, சனிக்கிழமை தோறும் நாகல் நகர் வக்கீலின் மாடி ஆபீசுக்கு வருகிற நாலைந்து பேரில் ஒருத்தி.

"சரியா விழல தாத்தா. இன்னொண்ணு."

பொம்மையன் கையை உருவப் பார்த்தார். "வெறுந்தாள்ல எதுக்கு பாப்பா? மேல என்னத்த எழுதிக்கிறப் போறீக?"

"அப்பிடிக் கேளு!" என்றார் பக்கத்தில் இருந்த சூசை. பொம்மையன் வேலை பார்த்த அதே தோல் ஷாப்பில் இருபது வருஷம் கேட் வாட்ச்மேனாக இருந்து, போன பங்குனியில் மேஸ்திரி ஆனவர். பொம்மையனுக்குத் துணையாக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "படிக்கிற பிள்ளைக. இதுகளுக்குப் பழகிப் பாக்க நம்ம கேசுதான் கெடச்சுச்சா? எந்திரி பொம்மையா, போவோம்."

பொம்மையனால் எழுந்துபோக முடியாது. பங்குனியில் நாலு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டுப் போனவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவரே வேலையை விட்டு நின்றுகொள்வதாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்தாராம். அந்தத் தாளை லேபர் ஆபீசிலும் கொடுத்துவிட்டார் முதலாளி.

திங்கட்கிழமை விசாரணை. அந்தத் தாள் பொய்யென்று காட்டாவிட்டால், முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டிய வேலை அன்றோடு போச்சு. வேறு வேலை பொம்மையனுக்குத் தெரியாது.

இரண்டாவது தாள். மூன்றாவது. ரீனா பழந்துணியால் அவர் விரலைத் துடைத்து, மறுபடி மையைத் தொட வைத்தாள்.

"நீ அமுக்குற அமுக்குல தாத்தா வெரலு ஒடஞ்சுரும்டீ" என்றான் கூடப் படிக்கிற விக்னேஷ்குமார்.

"அப்ப நீ வந்து வாங்கு, பாப்போம்."

அவன் வாங்கியதும் அப்படித்தான் வந்தது. கீழே ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். சூசை ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

ஐந்தாவது தாளில் பொம்மையனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு கைநாட்டு வாங்கத் தெரியல. நீங்க விசாரணையில வந்து எனக்காகக் கிழிக்கப் போறீகளாக்கும்!"

ரீனா ஐந்து தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். லேபர் ஆபீசில் வாங்கி வந்திருந்த, முதலாளி கொடுத்த தாளின் ஜெராக்ஸை அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள்.

"தாத்தா, எங்க மேல தப்பில்ல. உங்க வெரல்ல ரேகையே இல்ல. அம்புட்டையும் சுண்ணாம்பு தின்னுருச்சு. அஞ்சு தாள்லயும் வெறும் மைதான் அப்பியிருக்கு."

பொம்மையன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"இந்த ஜெராக்ஸப் பாருங்க. கோட்ட ஒவ்வொண்ணா எண்ணிரலாம். இது தொட்டியில எறங்காத ஆளோட கை. திங்கக்கெழம இதக் காட்டுனாப் போதும்."

"ஜெராக்ஸ்ல எல்லாங் கோடு கோடாத்தேன் தெரியும்" என்று குறுக்கே விழுந்தார் சூசை. "இந்தப் பிள்ள பேச்ச நம்பிப் போனா அசிங்கப்பட்டு நிப்ப."

பொம்மையன் செத்த நேரம் சூசையையே பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எனக்கும் நம்பிக்கையில்ல பாப்பா. நேத்துப் படிக்க வந்த பிள்ளைக நீங்க."

"தாத்தா, நில்லுங்க..."

அவர் நிற்கவில்லை. சூசைக்கு முகம் தெளிந்துவிட்டது. முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வாசப்படியில் பொம்மையன் திரும்பினார். மேஜையில் இருந்த மைப்பெட்டி அவர் கையில் இருந்தது.

"ஏலே சூசை, ஒன் வெரலக் கொண்டா."