இருபத்திரண்டு கிலோ

"மூணு மாசத்துல இருபத்திரண்டு கிலோ மேடம்," என்று ஸ்டெர்லின் தொப்பை இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினான். எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கிய ஆபரேஷன் முடிந்ததிலிருந்து, ஞாயிறுதோறும் சர்ச் விட்டதும் தாராவிப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி நின்று, பார்ப்பவரிடமெல்லாம் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

செம்பூர் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் உடம்பை அளந்த மெஷின் தந்த தாளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இதுல பத்து கிலோ தசை. கொழுப்புதான் கரையணும், தசை கரையக் கூடாது. கை காலுல பலமே இருக்காதே. புரோட்டீன் பவுடர் குடிக்கிறீங்களா?"

"வேளை தவறாம இவதான் கலக்கித் தாரா."

பக்கத்தில் நின்ற மனைவி ரெபேக்கா தலையாட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினான். "ஏட்டி, என்னத்தக் கலக்கித் தந்த எனக்கு?" என்று வழக்கம்போல் கையை ஓங்கினான்.

பதினோரு வருஷமாகக் குறி தப்பாத அந்தக் கை, இன்று அவள் கன்னம்வரை வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இழுத்துப் பார்த்தான். விடுவிக்க முடியவில்லை.

"உமக்கு அரிசிமாவுதான்," என்றாள் ரெபேக்கா நிதானமாக. "பவுடரை மூணு மாசமா நான் குடிக்கேன்."