பலகை பார்க்கும் படலம்

"அந்த மேல் தட்டுல இருக்கே, அதையும் எடுத்துக் காட்டு ஆத்தா!"

மலையம்மாள் சொல்லி வாய் மூடுவதற்குள் பச்சைச் சேலை கட்டிய விற்பனைப் பெண் ஸ்டூலில் ஏறிவிட்டாள். மேசை மேல் ஏற்கெனவே மூங்கில், மாமரம், பிளாஸ்டிக், ஸ்டீல் என்று காய்கறி வெட்டும் பலகைகள் குவிந்து கிடந்தன.

"போதும்மா. பாவம், எத்தனை தடவைதான் ஏறி இறங்கும்?" என்று நெளிந்தான் மகன் விஜயபாண்டி.

"ஏலே, சும்மா கெட. நாம பலகை பாக்கவா வந்தோம்?" என்று அவன் முழங்கையைக் கிள்ளினாள் அம்மா.

விஷயம் இதுதான். விஜயபாண்டிக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் 'மாப்பிள்ளை விவசாயமா?' என்று இழுத்தே பெண் வீட்டார் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். வயதோ முப்பத்து மூன்றைத் தாண்டப் போகிறது. கடைசியாகத் தரகர் முத்துப்பாண்டி கொண்டுவந்த வரன்தான் தேவயானி. தேனி கடைவீதியில் பெரிய பாத்திரக்கடை ஒன்றில் வேலை.

"பூ, பழத்தோட போய்ப் பாத்துட்டு வேண்டாம்னா பொண்ணு மனசு நொந்துபோகும். முதல்ல கடைக்கு வாடிக்கை மாதிரி போய்ப் பாத்துட்டு வாங்க. மாடியில பலகை விக்கிற இடத்துலதான் நிக்கும்," என்று வழி சொன்னவரும் அவரே. போட்டோ கொடுத்திருந்தார்தான். ஆனால் அதில் மேக்கப்தான் தெரிந்தது, பெண் தெரியவில்லை.

இந்த இடமும் தவறிவிடக் கூடாதே என்று மலையம்மாளுக்கு உள்ளூர உதறல். அதற்காகச் சோதிக்காமல் இருக்க முடியுமா?

"இந்த மூங்கில் பலகை எப்படிம்மா?" என்று ஒரு குரல். பக்கத்தில் சுடிதார் போட்ட ஒருத்தி, கையில் ஹெல்மெட்டுடன் பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்கா தாயி?" என்றாள் மலையம்மாள்.

"ஆமாம்மா. காயும் வெட்டணும், மீனும் வெட்டணும். விருந்தாளி வந்தா அதுலயே பலகாரத்தை வச்சு நீட்டவும் லட்சணமா இருக்கணும்."

"நல்லாக் கேட்ட போ! நானும் அப்படித்தான் மருமகளைத் தேடிக்கிட்டிருக்கேன்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த சூட்டில் மலையம்மாளுக்கு ரகசியம் தங்கவில்லை. அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தாள்.

"இங்கன நிக்கிதுல்ல பச்சைச் சேலை, அதைத்தான் பாக்க வந்திருக்கோம். அதுக்குத் தெரியாது. பொறுமை இருக்கான்னு பாக்கத்தான் இத்தனையும் இறக்கச் சொன்னேன்."

சுடிதார்ப் பெண்ணின் கண்கள் விரிந்தன. "அப்படியா! அப்ப இன்னும் ரெண்டு எடுக்கச் சொல்லுங்க. கோவம் வருதா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று நினைத்தபடி மலையம்மாள் இன்னும் இரண்டு கேட்டாள். பச்சைச் சேலை முகம் சுளிக்காமல் எடுத்து வைத்தது.

"பொறுமைசாலிதான். ஆனா நெத்தியில பொட்டைக் காணோமே?"

"இந்தப் புழுக்கத்துல வேர்த்து அழிஞ்சிருக்கும்மா."

"கழுத்துல, காதுல குண்டுமணித் தங்கம்கூட இல்லியே?"

"நகை ஆசை இல்லாத பிள்ளை போல. இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்?"

மலையம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

சுடிதார்ப் பெண் விஜயபாண்டி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. எதை எடுக்கலாம்?"

"இந்த மாமரத்தை எடுங்க," என்றான் அவன் கூச்சத்தோடு. "ஓரத்துல பள்ளம் இருக்கு, தக்காளிச் சாறு மேசையில வழியாது. ஒரு பக்கம் காய்க்கு, மறுபக்கம் மீனுக்கு. தண்ணியில மட்டும் ஊறப் போட்டுறாதீங்க, விரிசல் விட்டுரும்."

"வெட்டுறவுக மாதிரியே சொல்றீகளே!"

"அம்மாவுக்கு முழங்கால் வலி. அருவாமனையில உக்கார முடியல. ரெண்டு வருஷமா நான்தான் வெட்டுறேன். குழம்பும் சுமாரா வைப்பேன்."

"அடேய்!" மலையம்மாள் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தாத குறையாகத் தடுத்தாள். "அந்தப் பொண்ணு காதுல விழுந்தா என்னடா நினைக்கும்?"

பச்சைச் சேலைக்காரியின் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைத் துடைத்தாள். தோள் மட்டும் குலுங்கியது. வெட்கம் என்று முடிவு செய்தாள் மலையம்மாள். இதற்கு மேல் எதைச் சோதிப்பது?

மாமரப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலில் தேன் தடவிக் கூப்பிட்டாள். "ஆத்தா தேவயானி! நாங்க சுருளிப்பட்டியில இருந்து வந்திருக்கோம். எங்களுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஞாயித்துக்கிழமை பூவோட உங்க வீட்டுக்கு வரலாமா?"

"ஐயையோ அம்மா!" பச்சைச் சேலைக்காரி அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. "என் பேரு மகிமா. எனக்குக் கல்யாணமாகி பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கு. எங்க கிறிஸ்தவ சபையில பொட்டு, நகை, தாலி எதுவும் போட மாட்டோம். தேவயானி இன்னைக்கு லீவு. அவ இடத்துல நான் நிக்கிறேன்."

மலையம்மாள் கையிலிருந்த பலகையை மேசையில் வைத்தாள். "லீவா? அப்ப தேவயானி எங்கன இருக்கு?"

மகிமா சுடிதார்ப் பெண் பக்கம் கையை நீட்டினாள். ஹெல்மெட்டை மேசை மேல் வைத்துவிட்டு, அவள் மலையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீங்க வர்றதைத் தரகர் மாமா எங்க வீட்லயும் சொல்லிட்டாக. எங்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. மாமியாரைப் பத்தி மட்டும் வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்!"