செல்லப்பேருக்கு ஓட்டு

“என்னையும் ஒரு செல்லப்பேர் வச்சுக் கூப்பிடுங்க.”

புருஷனிடம் பிரியத்தைக் கேட்டு வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மாரிக்கனி கேட்டுவிட்டாள். செல்போனில் தட்டிக்கொண்டிருந்த சந்தனக்குமார் நிமிரவில்லை. டிவி சீரியல் ஜோடியை வைத்து அவன் எழுதும் ரசிகர் கதை தொண்ணூறு அத்தியாயத்தைத் தாண்டிவிட்டது. அதில் நாயகன் தன் மனைவியைப் பஞ்சுமிட்டாய், பூனைக்குட்டி, மூக்குத்திப்பூ என்று வாய் ஓயாமல் கொஞ்சுவான். நாலு வருஷமாக மாரிக்கனிக்குக் கிடைத்தது ‘ஏட்டி’ மட்டும். படித்தவள், இல்லாத ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று தன்னைத் தானே திட்டிப் பார்த்தாள். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

“அது கதைட்டி. கட்டுன பொண்டாட்டிய எவனாவது பஞ்சுமிட்டாய்னு கூப்பிடுவானா?”

“அவனும் அவளுக்குத் தாலி கட்டினவன்தான?”

அவன் தலையைச் சொறிந்தான். ஒரு பேர்கூட வரவில்லை. பிறகு முகம் மலர்ந்தது.

“கதைக்கு வைக்கிற மாதிரியே செஞ்சிருவோம். நாலு பேர் போட்டு வாசகர் குரூப்ல ஓட்டுக்கு விடுதேன். எது ஜெயிக்குதோ அது ஒனக்கு.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போதே தட்ட ஆரம்பித்திருந்தான்.

ஓசூர் கம்பெனி ஒன்றில் கிடைத்திருந்த வேலைக்கு வருகிறேன் என்று மாரிக்கனி மத்தியானமே பதில் அனுப்பியிருந்தாள். அவனாக யோசித்து ஒரே ஒரு பேர் சொல்லியிருந்தால், வரவில்லை என்று அந்தப் பதிலை மாற்றி எழுதியிருப்பாள். கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

“ஏட்டி, எங்க போற? முப்பத்தாறு ஓட்டு விழுந்திருக்கு!”

அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள்.